சோத்தாங்கை

ஏங்கண்ணு, சித்தெ தள்ளி உக்காந்துக்கறியா? வெயிலு இந்தப் பக்கமாத் திரும்பிருச்சு. ஆமா, பாப்பாவ மடியில வச்சுக்க. உன்ற வீட்டுக்காரரு பின்னால நின்னுக்கிட்டே வர்றாரே, பாவம். வெள்ளகோயில்ல கூட்டம் எறங்கும், அப்ப எடம் கெடைக்கும். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிப்போச்சு. சிங்காநல்லூர்ல ஓடி வந்து ஏறுனதுல ஒட்டுக்கா சீட்டு கெடைக்கல. அதா, டிரைவருக்குப் பின்னால, சன்னல்ல தலையச் சாச்சுக்கிட்டு இருக்கறாளே, பச்சைத் துப்பட்டா, அவதான் என்ற பொண்ணு. மேகலா. தூங்குறான்னு நெனைக்காத. அவ இப்பல்லாம் அப்படித்தான் இருக்கறா.

நாங்க சமயபுரம் போறம். வேண்டுதல். என்ற புள்ள சோறு திங்க மாட்டேங்கறா கண்ணு. பெத்தவ ஊட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறா. வத்திப் போயிட்டா. இன்னிக்கு ஆத்தாவப் பாத்துட்டு, கோயில் வாசல்ல உக்காந்து நாலு வாய் ஊட்டிப்போடோணும்னுதான் புளிச்சோறு கிண்டிக் கொண்டாந்திருக்கறேன். ரெண்டு பேரும் வெரதம். நேத்துப் பொழுதோட தின்னதுதான்.

பாப்பா, இந்தா, கடலமுட்டாய். வாங்கிக்க சாமி.

அட.

ஏங்கண்ணு, உன்ற புள்ள பீச்சாங்கையிலயா வாங்குது? எப்பவுமேவா? சோறு? சோறுமா!

சிரிக்கிற. நீ சின்னப் பொண்ணு, உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத, இது சிரிக்கற காரியமில்ல. ஆம்பளப் பையனாச் சரி, ஏதோ கிரிக்கெட்டு கிரிக்கெட்டுன்னு போயிருவான். பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் வீட்டுல போயி எலையில பரிமாறோணும். பேர்லயே இருக்குது பாரு, சோத்தாங்கைன்னு. சோத்துக்கு ஒரு கை. இன்னொண்ணு எதுக்குன்னு அதும் பேர்லயே இருக்குது. நம்ம பெரியவங்க என்ன, சும்மாவா பேரு வச்சாங்க?

இப்பவே திருத்திரு. இந்த வயசுல ரொம்ப லேசு. வளந்துட்டாத்தான் பாடு. நான் பட்டுருக்கறேன், அதனால சொல்றேன்.

மேகலாவும் இப்படித்தான். தவழறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கிலுகிலுப்பைய நீட்டுனா அந்தக் கைதான் வரும். சாமி கும்புட்டா அந்தக் கைதான் முன்னால வரும். துன்னூறு வாங்குனா அந்தக் கை. சோத்துல போயி அந்தக் கைய வெச்சா பாரு, வெடுக்குனு புடிச்சு இழுத்துப்போட்டேன். அவிங்கப்பன் உக்காந்து சிரிக்கிறான். "உடு ருக்குமணி, அதுக்கு எது லேசா வருதோ அதுல திங்கட்டும்"ங்கறான்.

அவன் சொல்லுவான். அவனுக்கு எல்லாமே லேசு. மில்லு வேலை கஷ்டம்னா டீக்கடையில உக்காந்துக்குவான். டீக்கடையில உக்காந்தா அங்கிருந்து சாராயக்கடை லேசு. எங்க ரெண்டு பேரையும் வச்சுக் கஞ்சி ஊத்தறது கஷ்டம்னு தெரிஞ்சதும், திருப்பூர்ல இன்னொருத்தி வீட்டுக்குப் போறது லேசாப் போச்சு. லேசு லேசுன்னு போனான், போயே போயிட்டான். அன்னிக்கு நான் முடிவு பண்ணுனேன் கண்ணு. என்ற புள்ளைக்கு எது லேசா வருதோ அத மட்டும் பழக்க மாட்டேன். அந்த ரத்தம் இவகிட்ட இருக்குதே, அத வெட்டோணுமா இல்லையா?

வேற ஒண்ணும் பண்ணல. ரிப்பன்தான். செவப்பு ரிப்பன், சடை போடறது. அந்தக் கைய மடக்கி இடுப்போட சேத்துக் கட்டிப்போடுவேன். வலிக்கறாப்பல இல்ல, பூவாட்டம் கட்டுவேன். காலையில எந்திரிச்சாக் கட்டறது, குளிக்கறப்ப அவுக்கறது, மறுக்கா கட்டறது. பள்ளிக்கூடத்துக்கும் அப்படியேதான் அனுப்புனேன். அழுதா. எந்தப் புள்ள அழுவாம இருக்குது? தடுப்பூசி போட்டாக்கூடத்தான் அழுவுது.

ஒரு நாள் கேக்கறா. இத்தனூண்டு இருக்கறா, உன்ற பாப்பாவவிடக் கொஞ்சம் பெருசு. "ஏம்மா, எந்தக் கையால சோறு திங்கறமோ அதுதானே சோத்தாங்கை?"ங்கறா. ஆமாங் கண்ணுன்னேன். "அப்ப எனக்கு இதுதாம்மா சோத்தாங்கை"ன்னு ரிப்பனுக்குள்ள இருக்கற கைய ஆட்டிக் காட்டறா. வாயப் பாரு! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா எடம் குடுத்தாப்பல ஆயிரும்னு வாயிலயே ஒண்ணு போட்டேன். அதுக்கப்பறம் அவ கேள்வி கேட்டதே இல்ல. நல்ல புள்ள.

டீச்சரு ஒருத்தி இருந்தா, அவதான் வந்து வந்து சண்டை. "அந்தக் கொழந்தை ஆசைப்பட்டுப் பண்றதில்லீங்க, அவளுக்கு அப்படித்தான் வருது. கட்டி வச்சா எழுத்து வராது"ங்கறா. நான் கேட்டேன், ஏனுங் டீச்சர், ஆசை இல்லாம எது வரும்? எனக்குந்தான் சீலையில கல்லு வச்சுத் தைக்கறது நல்லா வந்துச்சு, ஒருக்கா பாத்தாப் போதும், கை அதுவாப் போகும். என்னைய அதுக்கா உட்டாங்க? மாமனுக்குக் கட்டி வச்சாங்க. புடிச்சது ஒண்ணு, கெடைச்சது ஒண்ணு, அப்படித்தானே எல்லாரும் இருக்கறம்? உங்களுக்கு மட்டும் இந்த டீச்சர் வேலை புடிச்சா வந்தீங்கன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

எழுத்து கோணையாத்தான் வந்துச்சு. அதுக்கு என்ன பண்றது? பத்தாவதுல ரெண்டு பாடம் போச்சு. பேச்சும் அப்பல இருந்து கொஞ்சம் திக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம் சொல்லு. எங்க பெரியப்பனுக்குக்கூடத்தான் திக்கும்.

ஆனா மாறிட்டா. அதத்தான் நான் சொல்ல வந்தேன். வயசுக்கு வர்றதுக்கு முன்னாலயே மாறிட்டா. யாரு பாத்தாலும் தெரியாது. என்னமாச்சும் அவசரம் வந்தாத்தான் அந்தக் கை வெளிய வரும். ஒருக்கா ரெண்டு பேரும் ரேசன்கடையில இருந்து வந்துக்கிட்டிருக்கறம், ஒரு நாய் என்ற சீலையப் புடிக்க வந்துருச்சு. இவ குனிஞ்சு ஒரு கல்லெடுத்து எறிஞ்சா பாரு, நாயி மண்டையிலயே உழுந்துச்சு, ஊளை உட்டுக்கிட்டு ஓடுது. பாத்தா, அந்தக் கை! நடுரோட்டுல, ஊரே பாக்குது. நல்லாத் திட்டிப்போட்டேன். அவ கல்லெறிஞ்ச கையப் பின்னால வச்சுக்கிட்டு நிக்கறா. "நாய் கடிச்சிருக்கும்மா"ன்னு திக்கித் திக்கிச் சொல்றா. கடிச்சா ஊசி போட்டுக்கலாம், மானம் போனா எங்க போயிப் போட்டுக்கறது?

தண்ணி இருந்தா ஒரு வாய் குடு கண்ணு. வெரதம்தான், தண்ணி குடிக்கலாம்.

இந்தா, நீயும் ஒரு முட்டாய் எடுத்துக்க... ஐய, நானே இந்தக் கையில நீட்டறேன் பாரு. பேசிக்கிட்டே இருந்தா இப்படித்தான். இரு, மாத்திக்கறேன். இந்தா, இப்ப வாங்கிக்க. ஏன் அப்படிப் பாக்கற? இந்தத் தழும்பா? இது சூடு. கரண்டிக்காம்பு. எனக்கும் சின்னதுல அந்தப் பழக்கம் இருந்துச்சாமா, எங்கம்மா ஒரே சூட்டுல நிறுத்திப்போட்டாங்களாமா. எனக்கு அதெல்லாம் நெனப்பே இல்ல. அதான் சொல்றேன், சின்னதுலயே பண்ணீட்டா ஒண்ணுமே தெரியாது. நான் என்ற புள்ளைக்குச் சூடு போடல, ரிப்பன்தான் கட்டுனேன். எனக்கு மனசு வரல. அந்த ஒரு எடத்துல நான் கொஞ்சம் எளகிட்டேன்னுதான் சொல்லோணும்.

பத்தாவது போனதும் நான் வேலை பாக்கற கம்பெனிக்கே கூட்டிக்கிட்டு வந்தேன். பம்புசெட்டுக்குச் சாமான் பண்ற கம்பெனி. நான் பேக்கிங். அவளப் பிரஸ்ஸுல போட்டாங்க. பிரஸ் தெரியுமா? மெசினு. ஒரு கையால தகட்ட உள்ள வெக்கோணும், கைய எடுத்துக்கோணும், காலால பெடல மிதிக்கோணும், மேல இருந்து டையி வந்து டம்முனு அடிச்சு அச்சு எடுத்துரும். மறுக்கா தகடு, மறுக்கா காலு. வெக்கறது எடுக்கறது மிதிக்கறது. அது ஒரு தாளம் கண்ணு. தாளம் புடிபட்டவங்க பேசிக்கிட்டே அடிப்பாங்க.

மொதல்ல அவளுக்கு வரவே இல்ல. மேஸ்திரி கோவிந்தராசு, நல்ல மனுசன், ஆனா புத்தி கெடையாது. இவகிட்ட என்ன சொல்லியிருக்கறான், "எந்தக் கை வருதோ அந்தக் கையால போடு புள்ள, தகடு வந்து கேக்குதா?"ன்னு சொல்லியிருக்கறான். அவ்வளவுதான். நான் அந்தப் பக்கம் பேக்கிங்குல இருக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எல்லாரும் வந்து சொல்லுவாங்க, ருக்குமணியக்கா, உங்க புள்ளையாட்டம் யாராலயும் அடிக்க முடியாதுக்கா, மெசினு ஓடறாப்பல ஓடறான்னு. பக்கத்து மெசினுல ஷமீமான்னு ஒரு புள்ள, உக்கடத்துப் புள்ள, இவளுக்கு உசுரு. அவ சொல்லுவா, மேகலா மெசின்கிட்ட இருந்தாத் திக்கறதே இல்லக்கா, பாட்டெல்லாம் பாடறான்னு. எனக்குப் பெருமைதான். பெருமை இல்லாம இருக்குமா?

அப்பறம் ஆயுத பூசை வந்துச்சு. மெசினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, பொரி. மறுநாளு மொதலாளி வீட்டம்மா வந்து எல்லாரும் சுத்தி நிக்க மொத தகடு போடறது எங்க கம்பெனியில வழக்கம். "யாரு நல்லா அடிக்கறாங்களோ அந்தப் புள்ளையே போடட்டும்"னு அந்தம்மா சொல்ல, மேஸ்திரி இவளக் கூப்புட்டாரு. மஞ்சச் சுடிதாரு, தலை நெறையப் பூவு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இந்தப் புள்ளைய வளத்தறதுக்கு நான் பட்ட பாட்டுக்கெல்லாம் இன்னிக்குத்தான் கூலின்னு நெனைச்சேன்.

தகட்ட எடுத்தா பாரு. பீச்சாங்கை.

சூடம் எரியுது, மகாலச்சுமியாட்டம் மெசினு நிக்குது, பீச்சாங்கையில கொண்டுபோயி வெக்கறா. பின்னால எவளோ ஒருத்தி கிசுக்குனு சிரிச்சா. மொதலாளி வீட்டம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. எனக்கு உசுரே போச்சு. எத்தனை வருசம் கண்ணு! அத்தனை வருசமும் என்னைய ஏமாத்தி, என்ற முதுகுக்குப் பின்னால அந்தக் கையில பாட்டுப் பாடிக்கிட்டு அடிச்சிருக்கறா!

கத்தல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "மேகலா, சோத்தாங்கை!"

சொன்ன ஒடனே மாத்திக்கிட்டா. அது மட்டும் சொல்லோணும், நான் ஒரு சொல்லு சொன்னா அவளுக்கு மேல்பேச்சு கெடையாது. அந்தக் கையப் பின்னால வச்சுக்கிட்டா. இந்தக் கையில தகட்ட எடுத்து வெச்சா. எல்லாரும் கைதட்டுனாங்க. நாள் பூராவும் நான் பேக்கிங்குக்குப் போகாம அவகிட்டயே நின்னுக்கிட்டேன், மறுக்கா மாத்திருவாளோன்னு. மாத்தவே இல்ல. ஷமீமா வந்து காதுல என்னமோ சொன்னா, அப்பக்கூட மாத்தல. வேகம் கொறைஞ்சுபோச்சு, மேஸ்திரி தலையச் சொறியறாரு. நான் சொன்னேன், பழகுனா வந்துரும், அவசரப்படாதீங்கன்னு.

ரெண்டாவது நாளு சாயங்காலம். நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். இங்க நீ இருக்கற தூரந்தான். கை மாறிருச்சு கண்ணு, காலு மாறல. அதுதான் நடந்தது. காலு பழைய தாளத்துலயே மிதிச்சிருச்சு. கைய இன்னும் எடுக்கல, மிதிச்சிருச்சு.

எல்லாம் அந்தக் காலு பண்ணுன வேலை.

சத்தமே போடல அவ. நாந்தான் போட்டேன்.

யாரு கண்ணு பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். சிரிச்சாளே ஒருத்தி, அவ கண்ணுதான். அத்தனை வருசம் அந்தக் கையில அடிச்சப்ப ஒண்ணும் ஆகல, நல்ல கைக்கு மாறுன ஒடனே ஆச்சுன்னா என்ன அர்த்தம்? நல்லது பண்ணப் போறப்பத்தான் கண்ணு படும். ஷமீமா ஆசுபத்திரியில என்னைய ஒரு பார்வை பாத்தா பாரு. நான் என்னமோ பெடல மிதிச்சாப்பல. சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது.

மணிக்கட்டோட எடுத்துட்டாங்க. சோத்தாங்கைய.

அழுவாத கண்ணு. நான் அழுது முடிச்சுட்டேன். உன்ற பாப்பா பயந்துக்கும்.

அங்க ஒரு டாக்டரு வந்து என்ன சொல்றாரு தெரியுமா? சின்னப் பையன், சிரிச்ச மூஞ்சி. இவகிட்ட ஒரு பேனாவக் குடுத்துப் பாத்துட்டு, "நல்ல வேளைம்மா, உங்க பொண்ணுக்கு இந்தக் கைதான் இயல்பாவே பழக்கம் போல இருக்குது. அதனால எல்லாமே லேசா வந்துரும், கவலைப்படாதீங்க"ங்கறாரு. அதக் கேட்டு மேகலா ஒரு சிரிப்புச் சிரிச்சா. கை போனதுக்கப்பறம் அன்னிக்குத்தான் சிரிச்சா. திரும்பவும் லேசா? இதுக்கா நான் இத்தனை பாடு பட்டேன்? ஒரு கை போயிருச்சுன்னு வளத்த வளர்ப்பையே உட்டுப்போட முடியுமா?

நான் ஊட்டறேன்னு சொல்லிப்போட்டேன். நான் எதுக்கு இருக்கறேன்? என்ற ரெண்டு கையும் அவளுக்குத்தானே? காலையில ஊட்டிப்போட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் வந்து ஊட்டுவேன். மொதல்ல நல்லாத்தான் தின்னா. அப்பறம் ஒரு நாள் மத்தியானம், மேலுக்குச் சரியில்லைன்னு சீக்கிரமா வந்தேன், அடுப்படிக் கதவு சாத்தியிருக்குது. தள்ளிப் பாத்தா, உள்ள கதவு மறைவுல குத்தவச்சுக்கிட்டுத் திங்கறா. அந்தக் கையில. அள்ளி அள்ளித் திங்கறா கண்ணு, திருட்டுப் பூனையாட்டம். மோரு முழங்கை வரைக்கும் வழியுது. அத்தனை ருசி! நான் ஊட்டறப்ப ஒரு நாளாச்சும் அப்படித் தின்னுருப்பாளா?

அடிக்கல. கை இல்லாத புள்ளைய அடிப்பாங்களா? தட்டத்தான் புடுங்குனேன். புடுங்கி வச்சுட்டு, கையக் கழுவி உட்டு, கண்ணத் தொடச்சுட்டு, அதே சோத்த என்ற கையால ஊட்டுனேன். வாயத் தொறக்கல. அன்னிக்கு மூடுன வாயிதான். இப்பல்லாம் நான் கெஞ்சிக் கூத்தாடுனா ரெண்டு வாய். அடுப்படியப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். பின்ன என்ன பண்றது? தொறந்து வச்சா மறுக்கா அந்தக் கை போகும். பசிச்சா அம்மா வர்றப்பத் திம்பான்னுதான் பாத்தேன். பசியெல்லாம் அவளுக்கு இல்ல போல. எலும்புதான் இருக்குது.

ஷமீமா வந்தா ஒரு நாள். பேக்கரியில டோக்கன் குடுக்கற வேலை இருக்குது, ஒரு கை போதும், மேகலாவ என்னோட அனுப்புங்க, எங்க வீட்டுலயே தங்கிக்கட்டும்னா. பேக்கரியில! சனங்க திங்கற சாமானுக்கு டோக்கனப் பீச்சாங்கையில நீட்டுனா எவன் வாங்குவான்? மூஞ்சியில விட்டெறிவான். அதச் சொன்னா அந்த ஷமீமா எனக்கு மேல கத்தறா. "அக்கா, அவளுக்கு இருக்கறதே ஒரு கைதாங்க்கா!"ங்கறா.

எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா அவளுக்கு எத்தனை கைன்னு? கதவச் சாத்திப்போட்டேன்.

உள்ள வந்து பாத்தா மேகலா துணிப்பை எடுத்து வச்சுக்கிட்டு நிக்கறா. ரெண்டு சுடிதாரு மடிச்சு வச்சிருக்கறா. எங்கடி போறன்னேன். பைய வாங்கிப் பரண்ல போட்டேன். எதுக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டா. ஆனா மனசுக்குள்ள அந்தக் கை மேலயே இருக்கறா, எனக்குத் தெரியுது. அதனாலதான் சமயபுரத்துக்குக் காசு முடிஞ்சு வச்சேன்.

இதப் பாரு. வெள்ளித் தகட்டுக் கை. இத உண்டியல்ல போடப் போறம். கை திரும்ப மொளைக்கோணும்னா கும்புடறேன்? அவ்வளவு பைத்தியமா நானு? ஆத்தா, என்ற புள்ளைக்கு அந்தப் பீச்சாங்கை மேல இருக்கற ஆசைய மட்டும் எடுத்துரு, அவ நான் ஊட்டறதத் திங்கட்டும். அவ்வளவுதான் வேண்டுதல்.

கடைக்காரங்கிட்ட சோத்தாங்கையாப் பாத்துக் குடுப்பான்னேன். அவன் சிரிக்கறான். "தகடுதானுங்க, இப்படித் திருப்புனா அது, அப்படித் திருப்புனா இது, ரெண்டும் ஒண்ணுதானுங்க"ங்கறான். பாரு, நெசமாத்தான். இந்தப் பக்கம் புடிச்சா வலது. திருப்புனா எடது. ஆத்தா மாத்தி எடுத்துக்கிட்டான்னா என்ன பண்றது? அதான் நல்ல பக்கத்துக்கு ஒரு மஞ்சப்பொட்டு வச்சிருக்கறேன். பொட்டு மேல பாத்தாப்பல போடோணும். அவ கையால போடறதுதான் மொறை. ஆனா அந்தக் கையில எப்படிப் போடறது? நாந்தான் போடோணும்.

வண்டி நிக்குதே? சாப்பாட்டுக்கா? பதினஞ்சு நிமிசமாமா. நீ எறங்கலையா? ஓ, உன்ற வீட்டுக்காரரே போயி வாங்கியாறாரா. நல்ல மனுசன். எனக்கு ஒண்ணும் வேண்டாங் கண்ணு, வெரதம். மேகலா எறங்கறாளா? பாத்ரூமுக்காத்தான் இருக்கும். போகட்டும். என்ற முட்டி ஏறி எறங்கறதுக்கு ஒத்து வராது. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.

எங்க, காணோம்.

அதா... அது அவதானே? பச்சைத் துப்பட்டா? அந்த டீக்கடை மேசைக்கிட்ட. பக்கத்துல நிக்கறது உன்ற வீட்டுக்காரரா? ஏங்கண்ணு, அவரு என்ன தட்டு வாங்கி அவ முன்னால வெக்கறாரு? இட்டிலியா? அவ வெரதம்னு அவருக்குத் தெரியாதா? பசியில நின்னுக்கிட்டிருந்தான்னு வாங்கிக் குடுத்திருப்பாரு போல. நல்லதுதான், ஆனா யாரு ஊட்டறது? இரு, நான் எறங்கி...

திங்கறா.

கண்ணு, அங்க பாரு. திங்கறா. அத்தனை பேரு முன்னால, வெளிச்சத்துல, சாம்பார்ல தோச்சு தோச்சு... அந்தக் கையில... உன்ற வீட்டுக்காரரு சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு வெக்கச் சொல்றாரு. அவளும் சிரிக்கறா. சிரிக்கறா பாரு அவ.

கொஞ்சம் நவுரு. சன்னலத் தொற. முழுசாத் தொற.

மேகலா! ஏ மேகலா! சோத்தாங்கை! சோத்தாங்கைடி!

...

பாத்தியா.

பாத்தியா கண்ணு? ஒரே வார்த்தை. அந்தக் கையப் பின்னால வச்சுக்கிட்டா. துப்பட்டாவத் தள்ளிட்டு இந்தக் கைய எடுத்துத் தட்டுல வெக்கறா பாரு. கை இல்ல, ஆனாலும் வெக்கறா. இட்டிலி தள்ளிக்கிட்டுப் போகுது, சாம்பாரு கொட்டுது, ஆனாலும் மாத்த மாட்டேங்கறா. எல்லாரும் பாக்கறாங்க, அவ நிமுந்துகூடப் பாக்கல. எத்தனை நல்ல புள்ள! இந்தப் புள்ளையப் போயி எங்கூட அனுப்புன்னு கேட்டாளே அந்த ஷமீமா.

உன்ற வீட்டுக்காரரு எதுக்கு இங்க பாத்துக் கையாட்டறாரு? என்ன சொல்றாரு? நீ ஏங்கண்ணு இப்படி அழுவற? புள்ளைய எதுக்கு அப்படி இறுக்கிக்கற, அதுக்கு மூச்சு முட்டும். நான் சொன்னதுல தப்பா ஏதாச்சும்...

அட, உன்ற பாப்பாவப் பாரு. நான் அதுகிட்ட ஒண்ணுமே சொல்லல. முட்டாயக் கீழ போட்டுட்டு, அதுவாவே அந்தக் கையப் பின்னால வச்சுக்கிச்சு. நாந்தான் அப்பவே சொன்னேனே கண்ணு, இந்த வயசுல ரொம்ப லேசு.